கூரை வரை போகாத சுவர்

ஏழாம் காம்பராவுக்கும் எட்டாம் காம்பராவுக்கும் நடுவில்
ஒரு சுவர் இருக்கிறது.
ஆள் உயரத்துக்கு மேல் அது இல்லை.
அதற்கு மேல் தகரம், கரி, ஒரு முழ இருட்டு.

அந்த இருட்டு வழியாகத்தான்
அவர்கள் சுடும் கருவாடு எனக்கு வரும்.
என் மகள் வாய்ப்பாடு சொல்வது அவர்களுக்குப் போகும்.
பங்குனி பிறந்த வாரம்
ஒரு ராத்திரி
ஓர் இருமல் வந்தது.

டிலுக்சன் வந்துவிட்டான்.
புறக்கோட்டையில் ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கும் கடைப் பையன்.
கரட் இறக்கிவிட்டுத் திரும்பிய லொறியில்
வெறுஞ்சாக்குக்குக் கீழே படுத்து ஹட்டன் வரைக்கும்;
அங்கிருந்து நடை,
பொலிஸ் இல்லாத குறுக்குப் பாதை.

அந்த நாட்களில் நாங்கள் எதைத்தான் நம்பவில்லை?
ராத்திரி ஹெலிகொப்டர் மருந்து அடிக்குமாம் என்று
கொடியில் கிடந்த துணியெல்லாம் உள்ளே போனது.
குளிரில் அது நன்றாகப் பிழைக்கும் என்றார் சிவனு.
குளிரில்தான் சாகும் என்றார் அவர் மச்சான்.
வெயில் பட்டால் போதும் என்று போனில் யாரோ சொல்ல,
புஸ்பலதா சிரித்தாள்: "மஸ்கெலியாவுலயா வெயிலு?"
கடையில் மஞ்சள் தீர்ந்தது, கொத்தமல்லியும்.
சிரிப்பு அதற்குப் பிறகு தீர்ந்தது.

ஊரடங்கு ஆட்களுக்குத்தான், கொழுந்துக்கு இல்லை.
பெரட்டில் ஒரு மீட்டர் தள்ளி நிற்கச் சொன்னார் தொரை.
நின்றோம்.
நிரைக்கு ஒருத்தி, அது பழக்கம்தானே.
பொழுது சாய்ந்து வந்து
பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஆறு பேர் படுத்தோம்.

போன் பண்ணியது நான்.

நிறுவைக் கொட்டிலில் ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்து
இலக்கத்தை உள்ளங்கையில் எழுதி வந்தேன்.
வியர்வையில் கடைசி எண் மூன்றா எட்டா தெரியவில்லை.
மூன்று அடித்தேன்.
யாரோ ஒரு சிங்கள அம்மா. பிழையான இலக்கம்.
கவனமாக இரு மகளே என்று அவள் மொழியில் சொல்லி வைத்தாள்.
அதோடு விட்டிருக்கலாம்.
எட்டு அடித்தேன்.

மறுநாள் ஜீப் வந்தது.
பி.எச்.ஐ. மாத்தயா கதவில் தாள் ஒட்டினார்.
பதினாலு நாள்; வீட்டில் அத்தனை பேரும்;
வேலை இல்லை, பேர் விழாது.
கதவை நன்றாகப் பார்த்தார்.
சுவரைப் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன்.
இரண்டு உரச்சாக்கைக் கிழித்துத் தைத்து
அந்த இருட்டை அடைத்தேன்.
காற்று வந்தபோது சாக்கு
உப்பியது, சுருங்கியது,
யாரோ அதன் வழியே மூச்சு விடுவதுபோல.

"சொன்ன வாயி புழுத்துப் போகட்டும்" என்றாள் அவன் அம்மா.
லயமே கேட்டது.
"ஆமா அக்கா" என்றேன், சுவருக்கு இந்தப் பக்கமிருந்து.

படியில் அரிசி வைத்தவர்கள் உண்டு,
வைத்துவிட்டு ஓடினார்கள்.
நானும் ஒரு பொட்டலம் வைத்தேன்.
அதில் என் வீட்டில் மிஞ்சிய கொத்தமல்லி முழுவதும் இருந்தது.

ஒன்பதாம் ராத்திரி சாக்குக்கு அப்பாலிருந்து,
"அக்கா, முழிச்சா இருக்கீங்க?
கொழும்புல ராவெல்லாம் ரோட்டுச் சத்தம்.
இங்க ஒண்ணுமே கேக்கல. எதையாவது பேசுங்களேன்."
எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை.
எடுத்த கொழுந்தைச் சொன்னேன்.
இன்றைக்குப் பதினாறு கிலோ. நேற்றுப் பதினெட்டு.
முந்தாநாள் மழை, பதினொன்று.
போன கிழமை, அதற்கு முந்தின கிழமை என்று
அவன் மூச்சு சீராகும்வரை பின்னுக்குப் போனேன்.
அவன் வராத நாட்களுக்கும் போனேன்.

பதினாலு முடிந்தது. தாளைக் கிழித்தார்கள்.
இருந்ததா, இல்லையா?
அவனை ஒருவரும் சோதிக்கவே இல்லை.

இன்று விடியற்காலை ஈர விறகு.
புகை மண்டி எனக்கு இருமல் வந்தது.
முந்தானையை வாய்க்குள் திணித்தேன்.
பாதி உள்ளே போனது, பாதி போகவில்லை.

எட்டாம் காம்பராவில்
சட்டி கழுவும் சத்தம்
நின்றது.