வில்லை எண் 214

முதல் கச்சேரி எழுபத்தெட்டா, எழுபத்தொன்பதா,
தம்பேரே ரயிலடிக்குப் பின்னால்
மூடிப்போன நூற்பாலைக் கூடம்.
பாடியவரின் முகம் போய்விட்டது.
முன்னால் நின்றவனின் ஈரக் கம்பளித் தொப்பி,
நாய் நனைந்த வாடை,
அது மட்டும் அப்படியே இருக்கிறது.

டிரம்ஸ்காரன் குச்சியைக் கூட்டத்துக்குள் எறிந்தான்
என்று இருபது வருஷமாய்ச் சொல்லிவந்தேன்.
"அது துர்கு. வேறு குழு. பிடித்தது நான்"
என்கிறாள் ரைலி,
மீன் செதிளைச் சுரண்டிக்கொண்டே,
திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஹெல்சிங்கியில் ஒரு தடவை
இரண்டு மணி நேரம் தூணைத்தான் பார்த்தேன்.
பச்சைப் பெயின்ட், ஆளுயரத்தில் ஒரு கீறல்.
டிக்கெட் அரைமாதச் சம்பளம்.

ஓவுலுவில் மூன்றாம் பாட்டில் மின்சாரம் போனது.
இருட்டில் நாங்களே பாடினோம்,
எண்ணூறு பேர், தாளம் தப்பி.
அந்த ராத்திரி எனக்குக் காய்ச்சலாம்,
வீட்டில் கிடந்தேனாம்.
போய்வந்தவன் தம்பி எய்னோ.
பனி ஒட்டிய பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
கட்டில் ஓரம் உட்கார்ந்து
விடியும்வரை சொன்னானாம்.

எய்னோவைக் கேட்க முடியாது,
போன மார்ச்சோடு.
அப்படியானால்
என் தோளை இடித்துக்கொண்டிருந்த தோள்
யாருடையது?

மேசை இழுப்பறையில் ஒரு தகர வில்லை, 214.
கோட்டைத் திருப்பி வாங்க மறந்து
சட்டையோடு பனியில் நடந்த ஏதோ ஓர் இரவு.
எந்த ஊர் என்று வில்லையில் போடவில்லை.
குளிர்ந்த நினைவும் இல்லை.

காது மட்டும் சன்னமாய் இரைகிறது,
ரைலி குழாயை மூடிய பிறகும்.