மூன்று அரைப்புள்ளிகள்

சிலிம் ரிவர் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம்,
செம்பனை லாரிகள் முக்கித் திரும்பும் முனையில்
எங்கள் தோட்டத்து ஆபீஸ்.
ஐந்தாம் தேதி ராத்திரி. ஏழாம் தேதி சம்பளம்.
ஏர்கான் ஒழுகும் இடத்தில் காலி மைலோ டின்.
கிராணி நான் மட்டும்தான் இருக்கிறேன்.

மூன்றாம் காடு, நான்காம் நிரை என்பதற்கு
3-4 என்று தட்டினால்
எக்செல் அதை ஏப்ரல் மூன்று ஆக்கிவிடுகிறது.
போன வாரம் வெட்டிய குலைகளெல்லாம்
ஏதோ ஓர் ஏப்ரலில் கிடந்து அழுகுகின்றன.
இரண்டாயிரத்து மூன்றில் பிறந்த புவனேந்திரனின் ஐசி
முன்னால் இருந்த சைபரைத் தொலைத்துவிட்டு
பதினோரு எண்ணோடு நிற்கிறது.
மொக்லேசூரின் கூலி எண் ஏழு ஈ மூன்று.
அவனை ஏழாயிரம் என்று வாசித்தது.
'சம்பளத்தையும் இப்படி வாசிக்குமா அக்கா?'
என்று சிரித்தான்.

பார்த்தால் எல்லாம் எண்.
கேட்டால்தான் இன்னது என்று தெரியும்.
ஒன்பது வரியில் ஒரு மேக்ரோ எழுதினேன்.
முதலில் சோம்பல்பட்டு
மொத்த நெடுவரிசையையும் ஒரே கேள்வியாய்க் கேட்டேன்:
உன் ஃபார்மட் என்ன?
'நல்' என்றது.
நல்லது என்று சொல்ல வந்து பாதியில் நின்றதில்லை;
ஒன்றுமில்லை என்பதற்கு அதன் சொல் அது.
ஒருவர் மாதிரி ஒருவர் இல்லாத கூட்டத்தைக் கேட்டால்
மெஷினுக்கு வாய் வராது.
காலைப் பெரட்டில் தண்டல் கூப்பிடுகிற மாதிரி
ஒவ்வொருத்தராய்க் கூப்பிட வேண்டும்.

கூப்பிட்டேன்.
ஜெனரல். எதுவாகவும் ஆகத் தயார், போட்ட இடத்தில் கிடக்கும்.
@. எண் வேடத்தில் நிற்கும் எழுத்து, கூட்டலுக்கு வராது.
0. வெளியே மூன்று டன் என்கிறது,
இரண்டரையை உள்ளே வைத்துக்கொண்டு.
0.00. வெள்ளி, காசு, வம்பில்லாத பிள்ளை.
இன்னொரு ஜெனரல்.
இன்னொன்று.

கடைசிக்கு முந்தின நெடுவரிசையில் ஒன்றும் இல்லை.
தலைப்புகூட இல்லை. வெறும் வெள்ளை.
மேக்ரோவுக்கு அது தெரியுமா,
அங்கேயும் நின்று கூப்பிட்டது.

;;;

கூட்டல் எண்ணுக்கு என்ன உடுப்பு? இல்லை.
கழித்தல் எண்ணுக்கு? இல்லை.
சைபருக்கு, எழுத்துக்கு? இல்லை, இல்லை.
உடுப்பில்லாததால்
கண்ணுக்கே தெரியாமல் நின்ற ஆள்.
0.00 போட்டுவிட்டேன்.

8.50
8.50
8.50

நாற்பத்து மூன்று பேருக்கும்.

எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த தங்கப்பிரகாசம்
இப்போது குளுவாங்கில் மகள் வீட்டில்.
போன் போட்டேன். பின்னால் டிவி சத்தம்.
'அது குலைவெட்டுற கத்திக் காசும்மா.
ஸ்லிப்புல தெரிய வேணாம்னு மானேஜர் சொன்னாரு.'
எந்த மானேஜர்?
'அதான் ஞாபகம் வரல.'
கத்தியை அவனவன் சொந்தக் காசில் வாங்குகிறான்.
தஞ்சோங் மாலிம் கடையில், எனக்கே தெரியும்.

கழிவை எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை.
காட்டாதே என்று
என்னிடம் யாரும் சொல்லவும் இல்லை.

ஏழாம் தேதி, ஜன்னல் கம்பிக்கு வெளியே வரிசை.
ஸ்லிப்பில் இந்த மாதம் ஒரு வரி கூடுதல்.
தலைப்பு நான் வைத்தது: கத்தி.
மானேஜர் ஓங் இன்னும் பார்க்கவில்லை.
மொக்லேசூர் அதன்மேல் விரல் வைத்தான்,
நகத்தடியில் முள் ஒடிந்த கறுப்பு.
இந்தத் தடவை சிரிக்கவில்லை.
'இது எப்போதிலிருந்து அக்கா?'

கட்டம் தன்னிடம் இருப்பதைச் சொல்லும்,
எப்படிக் காட்டுகிறது என்பதையும் சொல்லும்.
என்றைக்கிருந்து என்று கேட்டால்
அதற்கு ஒரு சொல்கூட இல்லை.

பழைய கோப்புகள் இருக்கின்றன,
மாதத்துக்கு ஒன்று, அடிவரைக்கும்.
மேக்ரோவில் இன்னொரு சுற்று சேர்க்க வேண்டும்.
அவனுக்குப் பின்னால் நாற்பத்திரண்டு பேர்
கழுத்தை நீட்டிப் பார்க்கிறார்கள்.

'உட்காருங்க தம்பி' என்றேன்.
'ஒவ்வொருத்தரா கூப்பிடறேன்.'