காலித் தட்டு

சேர்வராயனைப் பார்க்கப் போய்
கடைசி பஸ்ஸை விட்டவளை
நாகலூர்ச் சரிவில் மழையில் கண்டு
கையைப் பிடித்து இழுத்துவந்தாள்
நாத்தனார் பொன்னுருவி.
பெயர் அந்தோனினா. ருஷ்யாவில்
பனி வழிவிட்டால்தான் பஸ் வருகிற ஊராம்.
அவளுக்காக ஃபோன் தமிழ் பேசியது.
பாதி புரிந்தது.

சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு.
ஒரு வாய் உண்டதும் "காஷா" என்றாள்,
தொலைந்த ஆட்டைக் கண்டவள்போல.

மிச்சம் வைத்தால்
சமைத்தவளுக்கு அவமானம், அவளூரில்.
(ஃபோன் இதை அப்புறம்தான் சொன்னது.)
எங்களூரில்
தட்டு காலியாய்க் கிடக்கவே கூடாது.

அவள் வழிக்க வழிக்க
வைத்துக்கொண்டே இருந்தேன்.
அவளுக்கு வியர்த்தது.
எனக்கும்தான்;
காலைக்கு வைத்திருந்ததும்
கரண்டிக்கு வந்துவிட்டது.

கடைசியில் பானையைச் சாய்த்துக் காட்டினேன்.
பெருமூச்சு விட்டுச் சிரித்தவள்
பையைத் துழாவிக் கறுப்பு ரொட்டி எடுத்தாள்,
செங்கல் கனம்.
உப்பு கேட்டாள்.

விளக்கு வைத்தபின் உப்பைக் கையில் தருவதில்லை.
தரையில் வைத்துத் தள்ளினேன்.
தொட்டு, ஆளுக்கொரு துண்டு நீட்டினாள்.
நேற்றைய களியின் புளிப்பு.

மென்று முடித்த பொன்னுருவி
என் தட்டைப் பார்த்தாள்.
ஒரு துணுக்கு மிச்சமில்லை.

அந்தோனினாவும் பார்த்தாள்.
மறுபடி பைக்குள் கையை விட்டாள்.