கிலோமீட்டருக்கு இரண்டு யூரோ

கிலோமீட்டருக்கு இரண்டு யூரோ என்று
ரொட்டிக்கடை ஹில்டா எழுதிக் கொடுத்தாள்.
பல் மருத்துவர் ஐம்பது, முடித்தால் மட்டும்.
முதுகில் குத்திய தாளில் எண் நூற்றுப் பதினாலு,
அதற்குக் கீழே ஒரு கட்டம்:
யாருடைய நினைவாக?
ஃபெம்கெ நிரப்பினாள்: அப்பா, வீபெ.
அவளுக்கு அப்பா.
எனக்கு ஒன்பது வருடம் முகம் பார்க்காத மாமனார்.

மாக்கும் ஊரைத் தாண்டினால் கடலணை.
முப்பத்திரண்டு கிலோமீட்டர், ஒரு மரம் கிடையாது.
இடப்பக்கம் ஏரி. வலப்பக்கம் புல்மேடு,
மேட்டுக்குப் பின்னால் கடல் இருப்பதாக நம்ப வேண்டும்.
காற்று நேராக மூக்கில் அறைகிறது.

வீபெ வாய்க்கால் பாலத்தைத் தூக்கி இறக்கியவர்.
படகு வந்தால் மணியடித்துச் சாலையை மறிப்பார்,
தூண்டில் கழியில் மரச்செருப்பைக் கட்டி நீட்டுவார்,
படகுக்காரர்கள் அதில் காசு போடுவார்கள்.
எங்கள் சண்டை ஒரு வீட்டுப் பத்திரம் பற்றியது.
இங்கே விரிக்கப் போவதில்லை.
தப்பு முக்கால்வாசி என்னுடையது.

பிறகு ஒரு நவம்பரில் கதவைத் தட்டினார்.
சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்.
"செயின் கழன்றுபோச்சு தம்பி,
நீ நல்லா பார்ப்பேன்னு சொன்னாங்க."
நான் வரி அலுவலகத்தில் குமாஸ்தா.
மாட்டிக் கொடுத்தேன்.
அடுத்த செவ்வாய் மறுபடி வந்தார்,
கழலாத செயினோடு.
நானே கழற்றினேன், நானே மாட்டினேன்.

இரண்டு வருடச் செவ்வாய்கள் அப்படிப் போயின.
மகளின் பெயர் அவருக்குத் தப்பிப்போன வாரம்
ஃபெம்கெ சமையலறையில்
துலக்கிய பாத்திரத்தையே துலக்கிக்கொண்டிருந்தாள்.
என்னைப் பார்த்தால் மட்டும் சிரிப்பார்.
"எனக்கு ஒரு மருமகன் இருக்கான்" என்றார் ஒருநாள்,
"உருப்படாத பயல்."
அப்படியா என்றேன், கிரீஸைத் துடைத்தபடி.
"ஆமா. ஆனா பாரு, அவன்..."
அதற்குள் எந்தப் படகோ வந்துவிட்டது அவருக்கு.
எழுந்து, இரண்டு கையையும் விரித்து
என் வாசலை மறித்தார்.

பதினேழாவது கிலோமீட்டர். மழை.
பக்கத்தில் வந்தவள் யாருக்கு என்று கேட்டாள்.
அவள் ஓட்டுவது தம்பிக்காக; நாற்பத்தெட்டு வயதாம்.
ஒரு வாடிக்கையாளருக்கு என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

பணம் ஆராய்ச்சிக்குப் போகிறது.
போகட்டும். மறதிக்கு மருந்து வரட்டும்,
அவள் தம்பிக்கு நாளைக்கே வரட்டும்.
முன்பே வந்திருந்தால்
வீபெ என் வாசலை மிதித்தே இருக்க மாட்டார்.
இதை எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை.

டென் ஊவரில் பாலம் திறந்திருந்தது.
எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துச் சபித்தார்கள்.
மெதுவாகப் போனது ஒரு சின்னப் படகு,
மேல்தளத்தில் ஒரு பெண் ஆப்பிள் கடித்துக்கொண்டு.
காசு வாங்கக் கழி நீட்டுபவர் யாருமில்லை;
எங்கோ ஓர் அறையிலிருந்து
யாரோ பொத்தானை அழுத்துகிறார்கள்.

பாலம் மூடியது.
பின்னால் மணிமணியாக அடித்தார்கள்.
நூற்றுப் பதினாலாம் எண் ஓரமாகக் குனிந்து
நன்றாக இருந்த செயினைக்
கழற்றி
மாட்டிக்கொண்டிருந்தது.