சுவருக்கு ஐந்து சொற்கள்

செவ்வாய்க்கிழமை அங்கீகாரக் குழு வருகிறது.
வரவேற்புக் கூடத்தில் ஏணி சாய்த்து
ஆ செங் ஒட்டிக்கொண்டிருக்கிறார்
பல்கலைக்கழகத்தின் ஐந்து விழுமியங்களை.
மலாய் ஏறிவிட்டது. ஆங்கிலம் ஏறிவிட்டது.
சீனத்தில் ஒரு கோடு கோணல் என்று
பிய்த்து மறுபடி ஒட்டினார்.
தமிழுக்கு இடம் மட்டும் இருந்தது.
“மிஸ் இதயச்செல்வி, நீங்கதானே தமிழ்?
அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடுங்க” என்றார் பதிவாளர்.

நான் மொழிபெயர்ப்பாளர் இல்லை.
பின்கட்டடத்தில் கான்கிரீட் உடைப்பவள்.
பாயான் லெப்பாஸ் விமானங்கள்
கூரையை உரசுவது போல் இறங்கும் கூடத்தில்
பிள்ளைகள் வார்த்த கனசதுரங்களை
இருபத்தெட்டு நாள் தண்ணீரில் கிடத்தி,
இயந்திரத் தாடையில் நிறுத்தி,
உடையும் வரை அழுத்துவேன்.
சத்தத்துக்கு முன்பே தெரிந்துவிடும்:
மூலையில் ஒரு மயிரிழை ஓடும்.

முதல் சொல் சுலபம். நேர்மை.
இரண்டாவது, புத்தாக்கம்.
மூன்றாவதற்கு மேன்மை என்று எழுதி அடித்தேன்,
சிறப்பு என்று எழுதி அதையும் அடித்தேன்,
கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது.
கடைசியில் மேன்மையே போகட்டும் என்று விட்டேன்.

அப்போதுதான் வித்யாரூபன் வந்தான்.
இராத்திரியெல்லாம் மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோகிறவன்,
நெற்றியில் தலைக்கவசத்தின் தழும்பு.
கெடாவிலிருந்து மூட்டை கட்டி வந்த உமிச்சாம்பலை
சிமெண்டில் கலந்து வார்த்திருந்தான்.
முப்பது வரவேண்டும்.
திரையில் இருபத்தொன்று புள்ளி நான்கு.
அடுத்தது இருபத்திரண்டு.
மூன்றாவதைத் தொட்டியிலேயே விட்டோம்.

முப்பது என்று எழுதினால் யாருக்குத் தெரியும்?
அவன் கேட்கவில்லை.
நானும் பதில் சொல்லவில்லை.
பேனா தாளுக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு இருபத்தொன்று புள்ளி நான்கு என்று
எவ்வளவு அழுத்தி எழுதினான் என்றால்
கீழிருந்த மூன்று வெள்ளைத் தாளிலும் அந்த எண் பதிந்திருந்தது.

நான்காவது சொல், பரிவு.
அது ஏறப்போகும் சுவருக்கு நேர் கீழே
நிதிப்பிரிவின் கண்ணாடிச் சன்னல்.
அதில் ஒட்டிய பட்டியலில் அவன் எண்ணும் உண்டு.
நாலாயிரத்து முந்நூறு வெள்ளி.
கட்டும் வரை தேர்வுச்சீட்டு கிடையாது.
பரிவு என்றே எழுதிக் கொடுத்தேன்.
வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாவது மலாயில் நாக்கைச் சுளுக்கும்.
தமிழில் பொறுப்பு.
பொறியியலுக்குப் பக்கத்து வீட்டுச் சொல்.
வலியைப் பொறு என்கிறோம்,
இந்த உத்திரம் இவ்வளவு பொறுக்கும் என்கிறோம்,
ஏதாவது இடிந்தால் யார் பொறுப்பு என்கிறோம்.
சன்னலுக்கு வெளியே பாலம்
லாரிகளைச் சுமந்துகொண்டு கடலில் நிற்கிறது.
அதற்குப் படிக்கத் தெரியாது.
யாரோ ஒருவர் என்றைக்கோ எழுதிய
எண்கள் மேல் நிற்கிறது.

நாலு ஐம்பதுக்கு அனுப்பினேன்.

திங்கள் மாலை எழுத்துகள் வந்தன.
பளபளவென்று, நீலத்தில்: பொருப்பு.
பொருப்பு என்றால் மலை.
கொடிமலைக்கு விளம்பரம் போல் இருந்தது.
பதிவாளரிடம் சொன்னேன். கைக்கடிகாரம் பார்த்தார்.
“யாருக்கு மிஸ் தெரியப்போகுது?”

ஆ செங்கின் ஏணி இன்னும் அங்கேதான் இருந்தது.
நகத்தால் நெம்பினேன்.
ஒரே எழுத்து, பசையோடு உரிந்து
என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் குழு வந்தது,
நின்று படம் எடுத்துக்கொண்டு போனது.
பொ, பிறகு ஒரு கை அகல வெற்றுச் சுவர், பிறகு ப்பு.
ஒருவரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அக்கா, ஓர் எழுத்து விழுந்துடுச்சு” என்றான் வித்யாரூபன்.
விழவில்லை, எடுத்தேன் என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
முழங்கை நனையத் தொட்டிக்குள் கைவிட்டு
மூன்றாவது கனசதுரத்தைத் தூக்கினான்,
சட்டையில் துடைத்தான்,
தாடைகளின் நடுவில் வைத்தான்.

இயந்திரத்தை ஓடவிட்டேன்.