ஜூன் ஒன்று

சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில்
என் மேஜைக்கு வரும் கட்டுகளில்
கொலை கிடையாது, கொள்ளை கிடையாது.
பள்ளிச் சுற்றுச்சுவரை அரையடி தின்ற மாட்டுக்கொட்டகை,
கட்டணம் பாக்கியென்று
மாற்றுச் சான்றிதழைப் பீரோவில் பூட்டிய தாளாளர்,
இனிஷியல் தப்பிப்போன ஒருத்தி,
அப்புறம் பிறந்த தேதிகள்.
பிறந்த தேதிகள்தான் அதிகம்.

நாலு வருஷமாக அரசின் வாய் நான்.
கட்சி மாறினால் நான் மாறுவேன்,
என் கட்சிக்காரர் மாறமாட்டார்.
முதல் பிரதிவாதி அரசு, இரண்டு ஆட்சியர்,
மூன்று முதன்மைக் கல்வி அலுவலர்,
நான்கு, பாவம், தலைமையாசிரியர்.
மேலே உள்ள மூவரும் வந்ததில்லை.
நான்காமவர்தான் ஒடுகத்தூர் பஸ்ஸில்
சேர்க்கைப் பதிவேட்டைத் துண்டில் சுற்றி
மடியில் வைத்து இறங்குவார்.
கூப்பிடும்வரை வேப்பமரத்தடியில் வியர்ப்பார்.

அன்று வந்தது ஜவ்வாது மலைப் பதிவேடு.
அந்த வருஷம் இருபத்து மூன்று பிள்ளைகள்.
இருபத்து மூன்று பேரும் ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்.
ஒரே பேனா, ஒரே சாய்வு.
அப்போதைய வாத்தியார் பொன்னுரங்கம்
ஒரு காலைப்பொழுதில்
மலைக்கே பிரசவம் பார்த்திருக்கிறார்.

வாதி பெயர் சங்கிலி.
பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது
மைதானத்தைச் சுற்றி முதலாவதாக ஓடி வந்தவன்.
காகிதத்தில் மட்டும் இரண்டு மாதம் மூத்துவிட்டான்.

கூண்டில் அவன் தாய் வெள்ளச்சி.
"மகன் எப்போது பிறந்தான்?"
"சாமை அறுத்து வீட்டுக்கு வந்த மறுவாரம்.
மழைக்கு ரோடு அறுந்துபோச்சு, நர்சம்மா வரல."

ஜூனில் சாமை விதைப்பார்கள்.
எனக்குத் தெரியும்.
நீதிபதி தஞ்சாவூர்ப் பக்கம், நெல் தெரிந்தவர்.
"ஆவணம் ஏதும் உண்டா?" என்றேன்.
யோசித்தாள்.
பின்வரிசையில் நின்ற மகனைக் கை நீட்டிக் காட்டினாள்.
'ஆவணம் இல்லை' என்று தட்டச்சாகியது.

என் வாதம் ஒரே மூச்சு:
பதினெட்டு முடிந்து மூன்று ஆண்டுக்குள் வந்திருக்க வேண்டும்,
வாதி வரவில்லை, காலம் கடந்த வழக்கு.
எந்தத் தேதியிலிருந்து எண்ணினேன்?
அவன் பொய்யென்று சொன்ன தேதியிலிருந்து.
தாய் சொன்னது மெய்யானால்
இன்னும் மூன்று மாதம் மீதமிருந்தது அவனுக்கு.
வாத்தியாரின் பேனாவைக் கொண்டே
வாத்தியாரின் பேனாவைக் காப்பாற்றினேன்.
எதிர்த்தரப்பு இளைஞர் இதைப் பிடிப்பாரென்று
தொண்டை வறளக் காத்திருந்தேன்.
அவர் அடுத்த கோர்ட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்தார்.

செலவுத்தொகையின்றித் தள்ளுபடி.
வென்றதற்கான என் கட்டண பில்
கருவூலத்தில் பதினாலு மாதமாகியும் பிறக்கவில்லை.

ஜூன் ஒன்று காலையில்
வங்கியிலிருந்து எனக்கும் ஒரு வாழ்த்து வரும்.
குடியாத்தத்தில் நான் பிறந்தது
ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள்.
காவடி திரும்பிய மேளத்தில்
அம்மா கத்தியது தெருவுக்குக் கேட்கவில்லையாம்.
திருத்தக் கோரி வழக்குப் போடலாம்தான்,
அரசுக்கு ஆஜராக நானே எழுந்து நிற்க வேண்டும்.

கார்த்திகையில் சங்கிலி வந்தான்,
வழக்கில் தாக்கல் செய்த அசல் மதிப்பெண் சான்றிதழ்
திரும்பக் கிடைக்குமா என்று கேட்டு.
அவனுடைய வக்கீல் போனை எடுப்பதில்லையாம்.
ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சேர்ந்திருந்தான்,
விரல் இடுக்கில் பசை காய்ந்திருந்தது.
எதிர்த்தரப்போடு பேசக்கூடாது மேடம் என்று
குமாஸ்தா எதிராஜ் கண்ணைக் காட்டினார்.
விண்ணப்பப் படிவத்தை நீட்டினேன்.
பெயர், தகப்பன் பெயர், ஊர் வரை
மளமளவென்று எழுதினான்.
அடுத்த கட்டத்தில் நிறுத்தி,
"வயசு எதைப் போடட்டும் மேடம்?" என்றான்.
கிண்டல் இல்லை.
பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு
உண்மையாகவே கேட்டான்.