கால்பங்கு

இரண்டாவது நிராகரிப்புக் கடிதம்
"இலேசான வேலை செய்யலாம்" என்றது.
எது இலேசு என்று சொல்லவில்லை.

டயர் கடை மாடியில் வக்கீல் அலுவலகம்.
பதினேழு படி.
ஏறி முடித்ததும் கேத்தலீன் ஹாஸ்கெல் கேட்டது:
"நடுவில் எத்தனை தரம் நின்றீர்கள், லோர்னா?"
இரண்டு.
எழுதிக்கொண்டாள்.

ஜெயித்தால் நிலுவைத்தொகையில் கால்பங்கு அவளுக்கு.
தோற்றால் ஒன்றுமில்லை.
பத்தொன்பது வருடம் பன்றித்தொடை அறுத்த கை
மேசைக்கடியில் கணக்குப் போட்டது.

"காலுறை யார் மாட்டிவிடுவது?"
"நானேதான்."
"எவ்வளவு நேரமாகும்?"
சுவரில் அயோவா வரைபடம்.
அதில் எங்கள் ஊரைத் தேடினேன்.
"மகன் மாட்டிவிடுகிறான். பள்ளிக்கூட பஸ் வருமுன்."
என் தங்கைக்குக்கூடத் தெரியாது இது.

"எப்படி இருக்கிறீர்கள் என்பார் நீதிபதி.
நல்லாயிருக்கேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.
பாதி வழக்கு அந்தப் பழக்கதோஷத்தில்தான் போகிறது."

கையெழுத்துப் போடப் பேனா தந்தாள்.
விழுந்தது.
குனியப் போனேன்.
"கிடக்கட்டும், விடுங்கள்."

கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம்.
இன்னொரு பேனாவை
என் விரல்களுக்கு நடுவே செருகிவிட்டுக்
காத்திருந்தாள்,
கடிகாரத்தைப் பார்த்தும் பாராமலும்.